புரோகிராம் தெர்மோஸ்டாட் மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகம், கடை, பள்ளி, மருத்துவமனை போன்ற கட்டடங்களில் ஏசி, ஹீட்டர் மெஷின்களை நேர அட்டவணைப்படி ஓட்டச் சுவரில் மாட்டியிருக்கும் புரோகிராம் தெர்மோஸ்டாட்டைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கட்டடத்தைப் பராமரிப்பவர்கள் கேட்டவையும் உண்டு, தொழிலுக்குப் புதிதாக வந்த டெக்னீஷியன்கள் கேட்டவையும் உண்டு. வயரில் கை வைக்க வேண்டிய இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். மின்வேலை பழகாதவர்கள் அந்தப் பகுதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதும், செய்து பார்க்க வேண்டாம்.

ஹால் குளிரவே இல்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். மின்சார அறை தெர்மோஸ்டாட்டுக்கு வாரன் ஜான்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1883-ல் காப்புரிமை வாங்கினார். பள்ளியில் ஒவ்வொரு வகுப்பாகப் போய் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி அடுப்பைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்த ஊழியரின் அலைச்சலைத் தவிர்க்கத்தான் அதைச் செய்தார். அந்தக் கருவி கீழே இருப்பவருக்குத் தகவல் சொல்லும், அவ்வளவுதான். அடுப்பைப் பார்த்துக்கொள்வது ஊழியரின் வேலை.

இன்றைய தெர்மோஸ்டாட்டில் திரையும் வைஃபையும் வந்துவிட்டன. வேலை மட்டும் மாறவில்லை. அறை வெப்பத்தை அளக்கிறது, நீங்கள் வைத்த அளவோடு ஒப்பிடுகிறது, நேரத்தைப் பார்க்கிறது, பிறகு இரண்டு வயர்களைச் சேர்த்துவிடுகிறது அல்லது பிரித்துவிடுகிறது. குளிரை உண்டாக்குவது வேறு ஆள். பில்டர் அடைத்திருந்தால், காயிலில் ஐஸ் பிடித்திருந்தால், கேஸ் குறைந்திருந்தால், பேன் பெல்ட் நழுவினால், எத்தனை தெர்மோஸ்டாட் மாற்றினாலும் ஹால் குளிராது. கழற்றிப் போட்ட பழைய தெர்மோஸ்டாட்டுகளை மேசையில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் நன்றாகத்தான் வேலை செய்தன.

சுலபமாகப் பிரித்தறிய ஒரு வழி: திரையில் குளிர் கேட்கும் அடையாளம் இருக்கிறதா பாருங்கள். இருந்து, மெஷினும் ஓடி, காற்றும் வந்து, ஆனால் குளிர் போதவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டை விட்டுவிடுங்கள். மெஷினுக்குத் திரும்பும் ரிட்டர்ன் காற்றுக்கும் மெஷினில் இருந்து வரும் சப்ளை காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை அளந்து பாருங்கள். குளிரூட்டும்போது பொதுவாக 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அது 3, 4 டிகிரிதான் என்றால் கோளாறு மெஷின் பக்கம்.

திரையே வரவில்லை, மொத்தமாக இருட்டு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பேட்டரி உள்ள மாடல் என்றால் பேட்டரியில் இருந்து. சிரிக்காதீர்கள். பேட்டரி தீர்ந்துபோன தெர்மோஸ்டாட்டுக்காகக் கூரை ஏறி மெஷினைப் பிரித்துப்போட்டவர்கள் இருக்கிறார்கள். புதிய பேட்டரி போடும்போது உலோகப் பட்டையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். பழைய பேட்டரி கசிந்திருந்தால் புதுசு போட்டாலும் தொடுப்பு கிடைக்காது.

பேட்டரி இல்லாத மாடல் என்றால், மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் இருந்து வரும் 24 வோல்ட் ஏசி கரண்ட்தான் அதற்குச் சாப்பாடு. தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றி, ஆர், சி என்று எழுதியிருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டரை வையுங்கள். 24 முதல் 28 வோல்ட் இருந்தும் திரை வரவில்லை என்றால், அப்போதுதான் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம். பூஜ்யம் என்றால் தேட வேண்டியது மெஷின் பக்கத்தில்.

அங்கே முதலில் கன்ட்ரோல் போர்டில் இருக்கும் சின்ன ப்யூஸ். கார்களில் இருக்குமே, அதே பிளேடு ப்யூஸ்தான். 3 ஆம்பியர் என்றால் ஊதா நிறம், 5 ஆம்பியர் என்றால் வெளிர்பழுப்பு. அது போயிருந்தால் காரணம் இல்லாமல் போகாது. யாரோ கரண்ட் இருக்கும்போதே வயரைக் கழற்றியிருப்பார்கள், அல்லது கூரையில் வயரின் தோல் உரிந்து தகட்டில் படுகிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது ப்யூஸ் போட்டால் அதுவும் போகும். அதைவிடப் பெரிய தப்பு, 3 போன இடத்தில் 10 போடுவது. அப்புறம் ப்யூஸ் போகாது, டிரான்ஸ்பார்மர் போகும்.

ப்யூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது தண்ணீர்த் தட்டு. காயிலில் இருந்து சொட்டும் நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பும். அப்போது அதிலிருக்கும் மிதவை ஸ்விட்ச் மேலே வந்து கரண்டை அறுத்துவிடும். பல இடங்களில் இந்த ஸ்விட்சை ஆர் வயரிலேயே கோத்திருப்பார்கள். அதனால் மெஷினோடு சேர்ந்து தெர்மோஸ்டாட் திரையும் அணைந்துவிடும். ஈரமான பருவத்தில், நேற்று வரை நன்றாக இருந்த திரை இன்று காலை இருட்டு என்றால் நான் முதலில் போவது தண்ணீர்த் தட்டுக்குத்தான். குழாயை ஊதி அடைப்பை எடுத்தால் திரை தானாக உயிர் பெறும். மெஷின் கதவை ஒழுங்காக மூடாவிட்டாலும் சில மாடல்களில் கதவு ஸ்விட்ச் இதே வேலையைச் செய்யும்.

திரை வருகிறது, ஆனால் மெஷின் கிளம்பும்போது மட்டும் மங்குகிறது அல்லது அணைந்து எரிகிறது. ஏன்?

டிரான்ஸ்பார்மருக்குச் சுமை தாங்கவில்லை. அதன்மேல் 40 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியிருந்தால், 24 வோல்ட்டில் அது கொடுக்கக்கூடியது சுமார் 1.67 ஆம்பியர்தான். முதலில் ஒரு காண்டாக்டரும் (கம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் பெரிய ஸ்விட்ச்) ஒரு ரிலேயும் மட்டும் இருந்திருக்கும். பின்னால் வந்தவர் காற்றுவழியைத் திறந்து மூடும் டேம்பர் மோட்டார் சேர்த்திருப்பார், இன்னொருவர் ஈரப்பதக் கருவி சேர்த்திருப்பார். ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும் வி.ஏ. அளவைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் டிரான்ஸ்பார்மரின் அளவை நெருங்கினாலே 75 வி.ஏ. போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். காண்டாக்டர் காயில் இழுக்கும் அந்த ஒரு நொடியில் வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் எடுக்கும். அப்போதுதான் திரை மங்குகிறது.

இன்னொரு காரணம், சி வயர் இல்லாமல் ஓடும் தெர்மோஸ்டாட். அது கம்ப்ரசர் ரிலேயின் வழியாகக் கொஞ்சம் கரண்டைத் திருடித் தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். சில ரிலேக்கள் அந்தச் சின்னக் கரண்டுக்கே டிக் டிக் என்று துடிக்கும். சி வயர் ஒன்று இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு.

முனைகளில் எழுதியிருக்கும் எழுத்துகளுக்கு என்ன பொருள்?

ஆர் என்பது 24 வோல்ட் வருகிற முனை. சி அதன் திரும்புவழி. ஜி பேன். ஒய் குளிருக்கான கம்ப்ரசர், டபிள்யூ சூடாக்குவதற்கு. ஒய்1, ஒய்2 என்று இருந்தால் இரண்டு நிலைகள். ஆர்எச், ஆர்சி என்று இரண்டு ஆர் இருந்தால், ஒரே டிரான்ஸ்பார்மர் உள்ள மெஷினில் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருக்க வேண்டும். சூடு வருகிறது, குளிர் வரவே இல்லை என்கிற புகாரில் அந்தத் துண்டு வயர் விடுபட்டிருப்பது உண்டு.

நிறங்களுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது: ஆர் சிவப்பு, ஒய் மஞ்சள், டபிள்யூ வெள்ளை, ஜி பச்சை, சி நீலம் அல்லது கறுப்பு. ஆனால் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். கையில் இருந்த வயரைப் போட்டு முடித்துப்போனவர்கள் உங்களுக்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்கு நிச்சயம் வந்திருப்பார்கள். மெஷின் போர்டில் அந்த வயர் எந்த எழுத்தில் முடிகிறது என்பதுதான் கணக்கு.

கோளாறு தெர்மோஸ்டாட்டிலா, மெஷினிலா என்று ஐந்து நிமிடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

இது 24 வோல்ட் அமைப்புக்கு மட்டும், வயர் வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும். மெஷினின் மெயினை அணையுங்கள். தெர்மோஸ்டாட்டை அதன் அடித்தட்டில் இருந்து கழற்றுங்கள். ஒரு சின்னத் துண்டு வயரால் ஆரையும் ஜியையும் இணைத்து மெயினைப் போடுங்கள். பேன் ஓட வேண்டும். பிறகு மெயினை அணைத்துவிட்டு ஆர், ஜி, ஒய் மூன்றையும் சேர்த்துப் போட்டால், கம்ப்ரசருக்கு வைத்திருக்கும் சில நிமிடத் தாமத நேரம் போனபின் அது கிளம்ப வேண்டும்.

கிளம்பினால், வயரும் மெஷினும் நல்ல நிலையில் இருக்கின்றன, கோளாறு தெர்மோஸ்டாட்டிலோ அதன் அமைப்புகளிலோ இருக்கிறது. கிளம்பவில்லை என்றால் இதே சோதனையை மெஷின் போர்டிலேயே செய்யுங்கள். அங்கே செய்தால் ஓடி, சுவரில் செய்தால் ஓடவில்லை என்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. எலி கடித்ததோ, சுவரில் படம் மாட்ட அடித்த ஆணியோ, ஏதோ ஒன்று.

சூடாக்கும் பக்கத்தில் இதைச் செய்து அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத நேரத்தில் நிறுத்த ஆள் இருக்காது.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சில தெர்மோஸ்டாட்டுகளில் ரிலேக்குப் பதிலாக டிரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச் இருக்கும். அது அணைந்திருக்கும்போதும் துளி கரண்ட் கசியும். ஒய் முனையில் வயர் எதுவும் மாட்டாமல் டிஜிட்டல் மீட்டரால் அளந்தால் 24 வோல்ட் இருப்பதுபோலக் காட்டும். வயரை மாட்டி, சுமையோடு அளந்தால்தான் உண்மை தெரியும்.

திரையில் ‘கூலிங்’ என்று மின்னிக்கொண்டே இருக்கிறது, மெஷின் ஓடவில்லையே?

அநேகமாகக் காத்திருக்கிறது. நின்ற கம்ப்ரசர் உடனே கிளம்பினால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் திணறும். அதைத் தடுக்கச் சுமார் 5 நிமிடத் தாமதம் வைத்திருப்பார்கள். கரண்ட் போய் வந்தாலும் இந்தத் தாமதம் புதிதாக ஆரம்பிக்கும். பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் கணக்கு முதலில் இருந்து. பத்து நிமிடம் கைகட்டி நின்றும் ஓடவில்லை என்றால் மேலே சொன்ன சோதனைக்குப் போங்கள்.

நேர அட்டவணை சரியாகத்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் தப்பான நேரத்தில் ஓடுகிறது.

அட்டவணையைப் பார்க்கும் முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு அலுவலகத்தில் மூன்று வாரமாக ஒரே புகார்: காலையில் வந்தால் ஹால் வெந்துகொண்டிருக்கிறது, மதியத்துக்கு மேலும் குளிரவில்லை, ஆனால் இரவுக் காவலர் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து கேஸ் அளவு பார்த்து, காயில் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். நான் போய்த் திரையைப் பார்த்தபோது மணி 10.20, என் கைக்கடிகாரத்திலும் 10.20. எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் குனிந்து பார்த்தபோதுதான் மூலையில் அரிசியளவு எழுத்தில் ‘பிஎம்’ என்று இருந்தது. கரண்ட் போய் வந்தபின் யாரோ மணியைத் திருத்தும்போது பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டார். அன்று முதல் எங்கே போனாலும் 24 மணிக் கடிகார முறைக்கு மாற்றிவைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

மணி சரியாக இருந்தால் தேதியைப் பாருங்கள். வருடம் தப்பாக இருந்தால் கிழமை மாறும், கிழமை மாறினால் திங்கட்கிழமையை ஞாயிறு என்று நினைத்து மெஷின் தூங்கும். கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் தானியங்கி மாற்றம் ஆன் ஆகியிருக்க வேண்டும். அது இல்லாத நாடுகளில் ஆப் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருடத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம் நழுவும். கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனால் உள்ளே இருக்கும் காப்புப் பேட்டரி தீர்ந்துவிட்டது.

கடைசியாக, ‘ஹோல்டு’ என்ற வார்த்தை திரையில் இருக்கிறதா பாருங்கள். யாரோ அம்புக்குறியை அழுத்தி நிரந்தரமாக நிறுத்திவைத்தால் அட்டவணை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஓடாது. இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

8 மணிக்கு ஆரம்பிக்கச் சொன்னால் 6.30-க்கே ஓடுகிறதே, கோளாறா?

கோளாறு இல்லை. தெர்மோஸ்டாட்டின் கணக்கில் 8 மணி என்பது மெஷின் கிளம்பும் நேரம் இல்லை, ஹால் தயாராக இருக்க வேண்டிய நேரம். சென்ற நாட்களில் எத்தனை நிமிடத்தில் எத்தனை டிகிரி இறங்கியது என்று பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப முன்கூட்டியே கிளம்புகிறது. புதிதாக மாட்டியதும் முதல் சில நாள் இந்தக் கணிப்பு பிசகும், பிறகு படியும். வேண்டாம் என்றால் அமைப்புகளில் அணைத்துவிடலாம். ஆனால் அப்போது 8 மணிக்கு வருபவர்கள் 9 மணி வரை விசிறிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வார நாட்களில் சரியாக இருந்து, திங்கட்கிழமை மட்டும் குளிரத் தாமதமானால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு நாள் மூடிக்கிடந்த கட்டடத்தின் சுவர், மேசை, காகிதக்கட்டு எல்லாமே சூட்டைச் சேர்த்து வைத்திருக்கும். திங்கட்கிழமைக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் முன்னதாக வைப்பது நல்லது.

18-க்கு இறக்கிவைத்தால் சீக்கிரம் குளிருமா?

ஒரே நிலை உள்ள மெஷினில் குளிராது. 24-க்குப் போகும் வேகமும் 18-க்குப் போகும் வேகமும் ஒன்றுதான். 24-ஐத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு கம்ப்ரசர் உள்ள மெஷினில் மட்டும் இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அறை வெப்பத்துக்கும் நீங்கள் வைத்த அளவுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் இரண்டாவது நிலையும் சேர்ந்து கிளம்பும். இரண்டாவது நிலை கிளம்பவே மாட்டேன் என்கிறது என்று புகார் வந்தால், அமைப்புகளில் மெஷின் ஒரு நிலை என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஒய்2 வயர் மாட்டியிருந்தாலும் அமைப்பில் சொல்லாவிட்டால் அது வெறும் வயர்தான்.

திரையில் 27, என் மேசையில் இருக்கும் வெப்பமானியில் 23. எதை நம்புவது?

இரண்டும் தான் இருக்கும் இடத்தைச் சரியாகவே சொல்லக்கூடும். தெர்மோஸ்டாட் இருக்கும் இடம்தான் பெரும்பாலும் தகராறு. வெயில் படும் சுவர், வெளிச்சுவர், ஜெராக்ஸ் மெஷினுக்கு மேல், பெரிய திரைக்குப் பக்கத்தில், குளிர்காற்று வாய்க்கு நேர் எதிரில், கதவுக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன். தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில், உள்சுவரில், காற்று இயல்பாகச் சுற்றும் இடத்தில் இருக்க வேண்டும்.

யாரும் பார்க்காத ஒரு இடம் இருக்கிறது, தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை. ஒரு கூட்ட அறையில் சரியாக இந்த 27, 23 பிரச்சினை. தெர்மோஸ்டாட்டைப் பிரித்து அந்த ஓட்டை அருகே விரலை வைத்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. வயர் இறங்கும் பைப்பின் மேல்நுனி பொய்க்கூரைக்கு மேலே சூடான இடத்தில் திறந்திருந்தது. அங்கிருந்து சூட்டுக்காற்று பைப் வழியாக நேராகச் சென்சார் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பைப்பின் வாயில் புட்டி (ஓட்டை அடைக்கும் பசை) வைத்து அடைத்துவிட்டு மறுபடி மாட்டினேன். கால் மணி நேரத்தில் திரை 24-க்கு இறங்கிவிட்டது. அந்த அறையில் அதற்கு முன்னால் இரண்டு தெர்மோஸ்டாட் மாற்றியிருந்தார்கள்.

இடமும் ஓட்டையும் சரி, ஆனாலும் ஒரு டிகிரி வித்தியாசம் என்றால் அமைப்புகளில் இருக்கும் ஆப்செட்டில், அதாவது திரை காட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் எண்ணில், திருத்திக்கொள்ளலாம். மூன்று, நான்கு டிகிரியை ஆப்செட்டால் மறைக்காதீர்கள். அப்புறம் லேசர்ப் புள்ளி விழும் துப்பாக்கி வெப்பமானியால் அறைக் காற்றை அளக்க முடியாது. அது காட்டுவது புள்ளி விழுந்த சுவரின் சூட்டை.

தூரத்தில் தனி சென்சார் வைத்திருக்கிறோம். அதை எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலும் 10 கே தெர்மிஸ்டராக இருக்கும். வயரைத் தெர்மோஸ்டாட்டில் இருந்து கழற்றி ஓம் அளவு பாருங்கள். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்ட வேண்டும். சூடு ஏறினால் ஓம் குறையும், குளிர்ந்தால் கூடும்: 20 டிகிரியில் 12,000-க்குக் கொஞ்சம் மேல், 30 டிகிரியில் 8,000-ஐ ஒட்டி. முடிவிலி காட்டினால் வயர் அறுந்திருக்கிறது, பூஜ்யம் என்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. 10 கே என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. 25 டிகிரியில் எல்லாமே 10,000 ஓம்தான். 0 டிகிரிக்கு வந்தால் ஒரு வகை 32,600 ஓமுக்கு அருகிலும், இன்னொரு வகை 29,500 ஓமுக்கு அருகிலும் நிற்கும். வகை மாறிப் போட்டுவிட்டால் அறைக்குள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வெளிக்காற்றை அளக்கும் சென்சார் மட்டும் குளிர்காலத்தில் உளறும்.

வயர் நீளத்தைப் பற்றியும் கேட்பார்கள். வழக்கமாகப் போடும் 0.8 சதுர மில்லிமீட்டர் வயரை 100 மீட்டர் இழுத்தால் போக, வர சேர்த்து 4 ஓம் சொச்சம்தான். 10 கே தெர்மிஸ்டரில் ஒரு டிகிரிக்கு 400 ஓமுக்கு மேல் மாறும் என்பதால் அந்த 4 ஓம் ஒரு பொருட்டே இல்லை. அதே வயரில் பிடி100 என்ற பிளாட்டினம் வகை சென்சாரை இரண்டே வயரில் மாட்டினால் கதையே வேறு. அதில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான். வயரின் 4 ஓம் பத்து டிகிரி சூடு அதிகமாகக் காட்டிவிடும். அதனால்தான் அதற்கு மூன்று வயர் இழுக்கிறார்கள்.

இரண்டு நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. என்ன செய்வது?

நிற்கும்போது திரையில் ‘கூலிங்’ இன்னும் இருக்கிறதா, போய்விடுகிறதா? இருந்தும் மெஷின் நின்றால், அதை நிறுத்துவது மெஷினின் பாதுகாப்பு ஸ்விட்ச். அழுத்தம் கூடியோ குறைந்தோ விழுகிறது. போய்விடுகிறது என்றால் தெர்மோஸ்டாட்தான் நிறுத்துகிறது: குளிர்காற்று நேரடியாக அதன்மேல் அடிக்கிறது, அல்லது ஓடுவதற்கும் நிற்பதற்கும் இடையிலான வித்தியாச அளவு மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. கால் டிகிரிக்கு ஒரு முறை ஓடச் சொன்னால் அது பாவம் என்ன செய்யும்? அரை முதல் ஒரு டிகிரி வரை வையுங்கள்.

ஒரே ஹாலில் ஒரு மெஷின் குளிர் அடிக்கிறது, இன்னொன்று சூடு அடிக்கிறது. இது எப்படிச் சாத்தியம்?

தாராளமாகச் சாத்தியம். திறந்த பெரிய ஹாலில் மூன்று, நான்கு மெஷின், ஒவ்வொன்றுக்கும் தனித் தெர்மோஸ்டாட். ஜன்னல் பக்கத்தில் இருப்பவர் குளிருக்கு 22 வைக்கிறார். நடுவில் இருப்பவர் நடுங்கிப்போய்ச் சூட்டுக்கு 24 வைக்கிறார். இரண்டு மெஷினும் நாள் முழுவதும் ஒன்றையொன்று எதிர்த்து ஓடும். இரண்டும் கோளாறு இல்லாமல் சொன்னதைச் செய்கின்றன, அதனால் யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும்.

சூட்டு அளவுக்கும் குளிர் அளவுக்கும் நடுவில் எதுவும் ஓடாத இடைவெளி ஒன்று வேண்டும். கட்டடங்களின் மின்சிக்கனத்துக்கான ஆஷ்ரே 90.1 தரக்கட்டுப்பாடு அந்த இடைவெளி 5 பாரன்ஹீட் டிகிரி, அதாவது கிட்டத்தட்ட 3 செல்சியஸ் டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. சூட்டுக்கு 21, குளிருக்கு 24 என்று ஹாலில் உள்ள எல்லாத் தெர்மோஸ்டாட்டிலும் ஒரே மாதிரி வைத்துப் பூட்டுங்கள். தானாகச் சூடு, குளிர் மாறும் ‘ஆட்டோ’ முறையை ஒரே ஹாலில் உள்ள எல்லா மெஷினுக்கும் கொடுக்காமல், பருவத்துக்கு ஏற்பக் கையால் மாற்றுவது இன்னும் பாதுகாப்பு.

ஹீட் பம்ப்பில் குளிர் கேட்டால் சூடு வருகிறது.

புதுத் தெர்மோஸ்டாட் மாட்டிய மறுநாள் இந்த போன் வந்தால் ஓ, பி அமைப்பு மாறிவிட்டது என்று போனிலேயே சொல்லிவிடலாம். ஹீட் பம்ப் என்பது குளிர், சூடு இரண்டையும் தரும் மெஷின்; அதில் கேஸ் போகும் திசையைத் திருப்பும் வால்வு ஒன்று இருக்கிறது. சில மெஷின்களில் குளிரூட்டும்போது அதற்குக் கரண்ட் போக வேண்டும், அது ஓ. சிலவற்றில் சூடாக்கும்போது போக வேண்டும், அது பி. அமைப்பில் ஓ-வை பி ஆக மாற்றினால் முடிந்தது. பல நாளாக நன்றாக ஓடிய மெஷினில் திடீரென்று வந்தால் வால்வையும் அதன் காயிலையும் பாருங்கள்.

பேனை ‘ஆன்’ வைப்பதா, ‘ஆட்டோ’ வைப்பதா?

ஆட்கள் இருக்கும் நேரத்தில் ஆன், இல்லாத நேரத்தில் ஆட்டோ. வணிகக் கட்டடங்களில் வெளிக்காற்று உள்ளே வருவதே இந்தப் பேன் ஓடினால்தான். ஆட்டோவில் விட்டால் கம்ப்ரசர் நிற்கும்போது நல்ல காற்றும் நின்றுவிடும். மதியம் மூன்று மணிக்குக் கூட்ட அறையில் எல்லோருக்கும் கண் சொக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறம், ஈரப்பதம் அதிகமான இடத்தில் இரவு முழுக்க ஆனில் விட்டால், காயிலில் ஒட்டியிருக்கும் ஈரத்தைப் பேன் மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். காலையில் காகிதம் நமுத்துப்போயிருக்கும்.

வருபவர் போகிறவர் எல்லோரும் பட்டனை அழுத்துகிறார்கள்.

பூட்டுங்கள், ஆனால் முழுதாகப் பூட்டாதீர்கள். இரண்டு டிகிரி மேலும் கீழும் மாற்ற விட்டு, இரண்டு மணி நேரத்தில் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பும்படி வைத்தால் சண்டை குறையும். கடவுச்சொல்லைத் தெர்மோஸ்டாட் மேலேயே ஒட்டி வைக்காமல் இருந்தால் நல்லது, அதையும் பார்த்திருக்கிறேன். வயரே இல்லாத பொம்மைத் தெர்மோஸ்டாட்டைச் சுவரில் மாட்டிவைக்கும் பழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. அதை அழுத்திவிட்டு ‘இப்போதுதான் பரவாயில்லை’ என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்து வரும் டெக்னீஷியன் அதற்கு வயர் தேடி அரை நாள் செலவழிப்பார்.

வைஃபை அல்லது கட்டட மேலாண்மை அமைப்போடு இணைப்பு விட்டுப்போகிறது.

வைஃபை மாடல்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரை மாற்றி 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்தால் தெர்மோஸ்டாட் காணாமல் போகும். இணைப்பு இல்லாவிட்டாலும் உள்ளே சேமித்த அட்டவணைப்படி அது ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஓடவில்லை என்றால் அது வேறு கோளாறு.

மோட்பஸ், பாக்நெட் போன்ற இரட்டை வயர் இணைப்பில் ஒரு தெர்மோஸ்டாட் வந்து வந்து போனால், அதே முகவரி இன்னொன்றுக்கும் இருக்கிறதா பாருங்கள். ஒரு வரிசையே மொத்தமாகப் போனால் தகவல் அனுப்பும் வேகம் ஒன்றுபோல இருக்கிறதா, பிளஸ் மைனஸ் எங்காவது மாறியிருக்கிறதா, வரிசையின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் உள்ளவற்றில் அது இருக்கக் கூடாது.

எல்லாத் தெர்மோஸ்டாட்டும் 24 வோல்ட்தானா?

இல்லை, இதில் கவனம் வேண்டும். சில்லர் என்ற பெரிய மெஷின் குளிரவைத்து அனுப்பும் தண்ணீரில் ஓடும் பேன் காயில் யூனிட்டுகளில் இருக்கும் தெர்மோஸ்டாட் பல இடங்களில் நேராக 230 வோல்ட்டில் ஓடும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிதான். மேலே சொன்ன துண்டு வயர் சோதனையை இதில் செய்தால் உயிருக்கே ஆபத்து. 24 வோல்ட் மாடலை இங்கே மாட்டினால் அந்த நிமிடமே கருகும். எந்தப் பெட்டியைத் திறப்பதாக இருந்தாலும் முதலில் பிரேக்கரை அணையுங்கள், பிறகு மீட்டரால் கரண்ட் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். வயர் தடிமனாக இருந்தாலோ, முனைகளில் எல், என் என்று எழுதியிருந்தாலோ அது மெயின் கரண்ட்.

இந்த யூனிட்டுகளில் வரும் ஒரு தனிப் புகார்: தெர்மோஸ்டாட் அணைந்திருக்கிறது, அறை மட்டும் குளிர்ந்துகொண்டே போகிறது. வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. தெர்மோஸ்டாட்டில் தேடிப் பயனில்லை, குழாயைத் தொட்டுப் பாருங்கள். அணைத்து அரை மணி நேரம் ஆகியும் வால்வுக்கு அப்பால் குழாய் சில்லென்று இருந்தால் வால்வுதான்.

சரி, உண்மையாகவே மாற்ற வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

பழையதைக் கழற்றும் முன் வயரோடு ஒரு போட்டோ, அமைப்புத் திரைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. எத்தனை நிலை, ஹீட் பம்ப்பா, ஓவா பியா, ஆப்செட் எவ்வளவு, அட்டவணை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வயரிலும் அது இருந்த எழுத்தை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். வயர் சுவருக்குள் நழுவாமல் ஒரு பென்சிலில் சுற்றிவையுங்கள். பழையது கண்ணாடிக் குமிழில் பாதரசம் உள்ள மாடல் என்றால் குப்பையில் போடாதீர்கள், அபாயக் கழிவாகத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

மாட்டும் முன் ஓட்டையைப் புட்டியால் அடையுங்கள். மாட்டியபின் பேன், குளிர், சூடு, இரண்டாவது நிலை என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். வெயில் காலத்தில் மாட்டினால் சூடாக்குவதைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறோம், பனிக்காலத்தின் முதல் நாள் காலை அந்த போன் வரும். கழற்றிய பழையதை அட்டைப்பெட்டியில் போட்டு, எந்த அறையில் இருந்தது, எந்தத் தேதியில், எதற்காகக் கழற்றியது என்று எழுதி மெஷின் அறையிலேயே ஒரு மாதம் வைத்திருங்கள். புதுசு மாட்டியும் அதே புகார் திரும்பி வந்தால் பழையதை எடுத்து மறுபடி மாட்டிவிடலாம்.